பிசிறு என்று வெட்டிய வார்

3 நவம்பர் 2024, ஞாயிறு

தீபாவளி லீவு இன்னும் முடியவில்லை. பனியன் கம்பெனியில் பிசிறு தேடியே பழகிய கண்ணுக்கு வீட்டில் வேலை இல்லை. அந்த நேரம் பார்த்து மகள் வேல்விழி தன் கயாக் படகுக்கான ஸ்கர்ட்டைக் கொண்டுவந்து போட்டாள். இடுப்பில் மாட்டிப் படகின் வாயை மூடுகிற ரப்பர் துணி. உள்ளே தண்ணீர் புகாது. ஓரத்தில் தையல் விட்டிருந்தது.

"அடுத்த ஞாயிறு கணியூருக்கு அந்தப்பக்கம் பாறை ஓடையில எறங்கறமுங்கப்பா. தெச்சுக் குடுங்க."

அரை கிலோமீட்டர்தானாம். பார்க்க அவ்வளவு அழகாம். அழகான பாறையில் மோதினால் தலை உடையாதா? படிப்பை ஒன்பதாவதோடு நிறுத்திய எனக்குப் பயத்தை மட்டும் நிறுத்த வரவில்லை.

4 நவம்பர்

தைத்தாயிற்று. எக்ஸ்போர்ட் தரம். முன்னால் நாய் நாக்குப் போல ஒரு வார் தொங்கியது. இருபத்திரண்டு வருடச் செக்கிங் கை சும்மா இருக்குமா? வெட்டிவிட்டேன்.

6 நவம்பர்

மனைவி நல்லம்மாள் "அழகா இருக்குதுங்க" என்றாள். ஸ்கர்ட்டை.

9 நவம்பர், சனி

சாமளாபுரம் குளத்தில் பயிற்சி. படகை வேண்டுமென்றே கவிழ்த்து வெளியே வர வேண்டும். வேல்விழி கவிழ்ந்தாள். வரவில்லை. தண்ணீருக்கு மேல் படகின் அடிப்பக்கம் மட்டும் - பயிற்சியாளர் அந்தோணிராஜ் பாய்ந்து நிமிர்த்தினார். இருமிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணாச்சி, இதுல இருந்த வாரு எங்க? அதப் பிடிச்சு இழுத்தாத்தான துணி கழண்டு ஆளு வெளிய வரும்?"

"பிசிறுன்னு... வெட்டிப்போட்டனுங்க."

பெத்த புள்ளையத் தலைகீழாக் கட்டிப் போட்டுட்டனே. எதுக்குடா உனக்குக் கத்தரி?

அந்தோணிராஜ் தன் ஸ்கர்ட்டைத் தருவதாகச் சொன்னார். வேல்விழி வாங்கவில்லை.

"மாட்டறப்பவே நான் பாத்திருக்கோணும். நீங்களே வாரு வெச்சுத் தெச்சுக் குடுங்கப்பா."

திட்டியிருந்தால் தேவலாம்.

வீட்டுக்கு வந்ததும் வேல்விழியின் பழைய பள்ளிப் பையின் சிவப்புப் பட்டையை வெட்டி நாலு தையல் போட்டேன். அதில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டேன். தாங்கியது. நல்லம்மாள்தான் தாங்கவில்லை, கேன் அவளுடைய குடிதண்ணீர்.

10 நவம்பர், ஞாயிறு

ஓடை நிஜமாகவே அழகு. பாறைக்குப் பாறை தண்ணீர் நுரைத்து விழுகிறது. கரையில் நான் படகை விட வேகமாக ஓடி இரண்டு முறை விழுந்தேன்.

மூன்றாவது பாறையில் கவிழ்ந்தாள். ஒன்று, இரண்டு - மூன்று எண்ணுமுன் தலை தெரிந்தது. அந்தோணிராஜ் கயிறு வீசினார். கரையேறியவள் கையில் சிவப்பு வார், தையல் பிரியாமல்.

"ஒரே இழுப்புங்கப்பா."

உடனே படகைத் தூக்கிக்கொண்டு மேலே போய் மறுபடி இறங்கினாள். கவிழவில்லை. கடைசி வரை.

17 நவம்பர், ஞாயிறு

இன்னொரு ஸ்கர்ட் தைத்தேன். சிவப்பு வாரை முதலிலேயே வைத்துத் தைத்தாயிற்று. இடுப்பு நாற்பத்தி ரெண்டு.

"இத்தனை பெருசு ஆருக்குங்க?" என்றாள் நல்லம்மாள்.

அடுத்த வாரம் குளத்தில் என்னைத்தான் முதலில் கவிழ்க்கப்போவதாக வேல்விழி சொல்லியிருக்கிறாள்.