ஸ்டெல்லாவின் கோடு ஏன் வளைகிறது

1986 ஜூன் 9, திங்கள்
விடியலிலிருந்து மழை. எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீஸ் டைப்ரைட்டர் ரிப்பன் கிழிந்துவிட்டது, ஹட்டனுக்கு ஆள் அனுப்ப வேண்டும். தங்கை ஸ்டெல்லா யூனிவர்சிட்டி கம்பஸிலிருந்து வந்திருக்கிறாள். முகமே சரியில்லை.

அவள் ஆராய்ச்சி இதுதான்: தேயிலை மலையிலிருந்து ஆபீசில் தோட்டத் தொரைக்கு வரும் ரிப்போர்ட்டுகள் கூடக் கூட, தோட்ட வேலை சிறக்குமா? சிறக்கும், நேர்கோடு என்பது அவளுடைய பேராசிரியர் சேரின் கட்சி. இவள் போட்ட கோடோ ஏறி, நின்று, இறங்குகிறது. ஏன் வளைகிறதென்று சனிக்கிழமை காரணம் சொல்லாவிட்டால் தலைப்பை மாற்ற வேண்டுமாம். இத்தனை நாள் உழைப்பும் போச்சு.

ஜூன் 10, செவ்வாய்
மழை விடவில்லை. காலையில் ஆள் கூடும் பெரட்டுக்கு அவளும் வந்தாள், என் குடையோடு. நான் நனைந்தேன். வேலை பிரித்துக் கொடுத்து, ஆட்களெல்லாம் மலைக்குப் போன பிறகும், மலை வேலையைப் பார்க்க வேண்டிய கண்டாக்கையா அங்கேயே நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னங்கய்யா எழுதுறீங்க?"

"மத்தியானக் கொழுந்து நிறுவை ரிப்போட்டும்மா."

"இன்னும் ஒரு கொழுந்துகூட பறிக்கலைங்களே!"

"மத்தியானம் இத எழுதிக்கிட்டிருந்தா அந்தி ரிப்போட்ட யாரு எழுதுறது? நேரத்துக்குப் போகலைன்னா தொர ஏசுவாரு."

எனக்குச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. குடையை என் கையில் திணித்துவிட்டு, அப்படியே குறித்துக்கொண்டாள்.

ஜூன் 11, புதன்
தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்க, ஸ்டெல்லா ஒரே பேச்சு.

"ரெண்டு இழுப்பு இருக்குண்ணே. ரிப்போட்டு வந்தா தொரைக்கு மலையில நடக்கிறது தெரியுது. அது மொதல்ல மளமளன்னு கூடும், அப்புறம் புதுசா தெரிய ஒண்ணும் இருக்காது. எழுதுற நேரம் மட்டும் கூடிக்கிட்டே போகும். கண்டாக்கையா மலைக்கே போக மாட்டாரு. அங்கதான் கோடு வளையுது."

சரியாகத்தான் இருந்தது. அவளுக்குப் போதவில்லை. "இது நெசமுன்னா, எழுதத் தனி ஆள் இருக்கிற தோட்டத்துல பிந்தித்தான் வளையணும்."

பூண்டுலோயாப் பக்கம் அப்படி ஒரு தோட்டம். பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்க்கப் போகிறாள். போகுமுன், கோடு அங்கே எப்படி இருக்கும் என்று ஒரு காகிதத் துண்டில் வரைந்து என் கையில் கொடுத்தாள். "பாத்துட்டு வந்து யாரு வேணா சொல்லலாம்ணே."

என்ன துணிச்சல்! நானாயிருந்தால் பார்த்த பிறகுதான் வரைந்திருப்பேன்.

ஜூன் 13, வெள்ளி
மண்ணெண்ணெய் இல்லை. மாதாவுக்கு அம்மா மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. அந்தி பஸ்ஸில் ஸ்டெல்லா வந்து இறங்கினாள். செருப்பு வார் அறுந்து, தலையெல்லாம் ஈரம்.

"பிந்தித்தாண்ணே வளையுது!"

அவள் கொண்டுவந்த கோட்டின் பக்கத்தில் என்னிடம் இருந்த காகிதத் துண்டை வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே வளைவு. கண் கலங்கிவிட்டது. என்ன மூளை இவளுக்கு! அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அழுதாள்.

ஜூன் 14, சனி
ஆபீஸ் போனில் ஸ்டெல்லா. சேர் ஏற்றுக்கொண்டார். காட்டக் கொண்டுபோன துண்டை மட்டும் திருப்பித் தரவில்லையாம், மற்றப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். பெரிய கிளாக்கர் முன்னாலேயே மகிழ்ச்சியில் கத்திவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்
வெயில். ரிப்பன் வந்துவிட்டது. தொரைக்கும் விஷயம் எட்டி, ஒரே சந்தோஷம். எந்த ரிப்போர்ட் தேவையில்லை என்று கண்டுபிடிக்க, இனி வாரம் ஒரு ரிப்போர்ட் வேண்டுமாம்.

கண்டாக்கையா பெரட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரத்துக்கும் சேர்த்து.