மூடி மாற்றியவன் எழுதுவது

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், உன் தம்பியின் மேலுதட்டில் ஏழாவது முடி முளைத்துவிட்டது. அது மீசையல்ல, வெறும் ஆசை என்கிறார் அப்பா. இருக்கட்டும். தலைமையாசிரியர் நாற்காலியில் ரப்பர் பல்லியை வைத்துவிட்டு, அவர் முன்னாலேயே நின்று ஒப்புக்கொண்டவன் நான். பயம் கிலோ என்ன விலை என்று கேட்பவன்.

சனிக்கிழமையிலிருந்து நீ சரியாகச் சாப்பிடவில்லை. "ரெண்டு வருஷ ஆராய்ச்சிடா" என்று மட்டும் சொன்னாய்.

உன் செம்புச் சேர்மம் டி.என்.ஏ.வில் ஒட்டினால் திரையில் கோடு இறங்கும் என்று, அன்று என்னைக் கூட்டிப்போன உன் ஆய்வகத்தில் எனக்கு விளக்கினாய். உன் பிஸ்கட்டில் பாதியையும் கொடுத்தாய். கோடு இறங்கவேயில்லை. "ஒட்டலைம்மா. இதை விட்டுட்டு வேற பாரு" என்றார் உன் பேராசிரியர்.

அக்கா, நீ குழாயைப் பார்க்க மாட்டாய், மூடியைத்தான் பார்ப்பாய். நீல மூடி டி.என்.ஏ., வெள்ளை மூடி வெறும் உப்புக்கரைசல். இரண்டும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருந்தன. அளப்பதற்கு முன் நீ கை கழுவப் போனபோது மூடிகளை மாற்றிவிட்டேன். திரும்பி வந்ததும் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். உன்னோடு பேராசிரியரும் வந்தார். அன்று ஒட்டியது என் வாய் மட்டும்தான்.

சேர்மத்தைக் கைவிடுவதாக நாளை எழுதிக் கொடுத்துவிடாதே. நீ கலந்தது டி.என்.ஏ.வே இல்லை. இன்னொரு முறை அளந்து பார்.

நேரில் சொல்ல மூன்று முறை உன் அறை வாசல் வரை வந்து திரும்பினேன். இப்போது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். பல்லியை வைத்தது நான்தான். ஒப்புக்கொண்டது என் பக்கத்து பெஞ்சுக்காரன்.

இப்படிக்கு,
ஏழு முடிக்காரன்