குழாய் விளிம்பில் இருந்த கறுப்பு

சங்கரன்கோவில்,
ஆடித்தபசுக் கொடியேற்ற நாள்.

பெருமதிப்பிற்குரிய என் கணவர் துரைப்பாண்டி அவர்களுக்குச் சங்கரேஸ்வரி வணங்கி வரைவது. இங்கு நான் நலம். ஷார்ஜா வெயிலில் தங்கள் உடல்நிலை எவ்வாறுள்ளதோ என்பதே என் ஓயாக் கவலை. இங்கே சாரல் தொடங்கிவிட்டது, கூரைக்குப் பழுதில்லை.

மகள் பொன்மணியின் பெயரை எடுத்ததுமே தாங்கள் தொலைபேசியை வைத்துவிடுவதால் எழுத்தில் தெரிவிக்கிறேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க இயலாதல்லவா?

அவள் கல்லூரிப் படிப்புக்குத் தாங்கள் வாங்கித் தந்த நுண்ணோக்கியைக் குருவிகுளம் பள்ளிக்குக் கொடுத்துவிடுமாறு, அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து விமானம் ஏறுமுன் சொல்லிச் சென்றீர்கள். நானும் உடன்பட்டேன். ஆசிரியர் மாரிக்கண்ணன் வருகிற வெள்ளியன்று எடுத்துச்செல்ல வருகிறார்.

பழுதுள்ள பொருளைப் பிறர்க்குக் கொடுப்பது நமக்கு அழகன்று. ஆகவே துடைக்க எடுத்தேன். கண் வைத்துப் பார்க்கும் குழாயின் விளிம்பில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. பூஞ்சையாயின் கண்ணாடிக்குள் பரவிக் கருவியையே பாழாக்கிவிடும். ஊசிமுனையால் சிறிது சுரண்டி, நீர்த்துளியில் இட்டு, அதே கருவியில் வைத்து நோக்கினேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தான் நான். எனினும் அவளுடைய பாடநூல்கள் அனைத்தையும் அவளோடு படித்தவள். கறுப்புத் துகள்கள் இடைவிடாது துள்ளின. உயிருள்ளது என்று முடிவு செய்தேன். கெடுக்கும் பூஞ்சை என்று எண்ணியபோதும், இந்த வீட்டில் ஏதோ ஒன்று உயிரோடிருக்கிறதே என்று மகிழ்ந்தேன்.

அவளுடைய தோழி ஷாஹின் பானுவை அழைத்துக் காட்டினேன். "அம்மா, ஆடுதுன்னு நம்பிராதீய. தண்ணியில போட்டா அடுப்புக்கரித் தூளும் இப்படித்தான் ஆடும். பொன்மணி இருந்தா உங்களுக்குப் பாதி மார்க்குதான் போட்டுருப்பா" என்று சிரித்தவள், உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

உயிராயின் உண்டு வளரும் என்று, சிறிது துகளைக் கஞ்சி தடவிய தகட்டில் ஈரம் காயாமல் மூடி வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஓரத்தில் வேறேதோ பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்தது. அந்தக் கறுப்பு மட்டும் வைத்தது வைத்தபடியே கிடந்தது.

நேற்று வந்து பார்த்தவள், "உயிர் இல்லம்மா" என்றாள். பின்பு குழாய் விளிம்பைத் தொட்டு விரலை முகர்ந்தாள். "விளக்கெண்ணெய் வாசம் வருது. நீங்க அவளுக்குச் செஞ்சு குடுப்பீயளே, அந்தக் கண்மை" என்றாள்.

விளக்கெண்ணெய்த் திரி ஏற்றி, மேலே தட்டைக் கவிழ்த்துப் புகை பிடித்து, நான் வழித்துக் குழைத்துக் கொடுத்த மை. அது தீட்டிய கண்ணைத்தான் அவள் இந்தக் குழாயில் வைத்தாள். என் கையால் செய்ததை நானே அறியவில்லை.

கருவி முழுவதையும் துடைத்துவிட்டேன், அந்த விளிம்பைத் தவிர. பள்ளிக்குப் புதிதாக வேறொன்று வாங்கித் தருகிறோம் என்று மாரிக்கண்ணன் அவர்களிடம் சொல்லத் தங்கள் இசைவை வேண்டுகிறேன்.

அவளைக் கொண்டுபோன காய்ச்சல் தாங்கள் வந்து சேரும்வரை பொறுக்கவில்லை. நாங்களும் பொறுக்கவில்லை, தாங்கள் வருமுன்பே அவள் உடலை எடுத்துவிட்டோம். அவள் முகத்தைத் தாங்கள் காணவில்லை. விடுப்புப் பெற்று ஒருமுறை வாருங்கள். வந்து அந்தக் குழாயில் கண்ணை வையுங்கள். தங்கள் இமையில் ஒட்டும் அளவுக்கு இன்னும் மை இருக்கிறது.

தங்கள் வரவை வேண்டி நிற்கும்,
சங்கரேஸ்வரி