சிவப்புப் பொத்தானை அழுத்திய மகளுக்கு

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் சுகம் என்று போனில் ஒவ்வொரு முறையும் சொல்கிறாய், ஆனால் அந்தச் சுகத்தில் இப்போது எனக்கு நம்பிக்கை இல்லாததால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசினால் "க்ளாஸ் இருக்கும்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் அது மேஜையில் உன்னையே பார்த்துக்கொண்டு கிடக்கும். கூரியரில் அனுப்புகிறேன், வாரக் கடைசிக்குள் வந்துவிடும் என்றார்கள்.

வீட்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் மறுபடியும் வேலை செய்யவில்லை, மாடிப்படி ஏறி ஏறி என் முட்டி எனக்குத் தெரியாத பாஷையில் பேசுகிறது. நான் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூலில் கூட்டம் குறையவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா புதிதாகச் சேர்ந்திருக்கிறார், எதிரே பஸ் வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். நேற்று ஒரு திருப்பத்தில் நான் என் பக்கத்து பிரேக்கைச் சட்டென்று மிதித்துவிட்டேன். வண்டி நின்றதும் அவர் என்னைக் கோபமாகப் பார்த்து, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனே, இப்படிப் பண்ணா எனக்கு எப்பத்தான் வரும்" என்று அழுதேவிட்டார். சமாதானம் செய்து காபி வாங்கிக் கொடுத்து வீட்டில் விட்டு வந்தேன். நல்ல மனுஷி, ஓட்டத்தான் வராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் டீமில் இருக்கும் கண்ணாடி போட்ட பெண், நீ எப்போதும் படபடவென்று பேசுவாள் என்று சொல்வாயே அவள்தான், போன வாரம் எனக்குப் போன் செய்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நம்பரை உன் பழைய அட்மிஷன் பேப்பரில் பார்த்து எடுத்தாளாம். "ஆன்ட்டி, அவ நல்லா இருக்காளான்னு உங்களுக்குத் தெரியுமா" என்றுதான் ஆரம்பித்தாள். நீ அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதானே, "ப்ராஜெக்ட் சூப்பரா போகுதும்மா, கம்பெனிக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாய்? அதை அப்படியே அவளிடம் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

சோப்புத் தொழிற்சாலையில் நடந்ததை நீ எங்களிடம் சொல்லாததால், எங்களுக்கு என்ன தெரியும் என்று நீயும் தெரிந்துகொள், தப்பாக இருந்தால் திருத்து. உங்கள் படிப்பில் தலைமைப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு டீமையும் ஒரு கம்பெனியோடு கோத்துவிடுவார்கள், அங்கே நிஜமான ஒரு வேலையை முடித்துக் காட்டினால் அந்தக் கம்பெனியே வேலைக்கு எடுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் நீ சேரும்போதே விளக்கினாய். நீ கிளம்புவதற்கு முன் உன் அப்பா வாசலில் நின்று கைகுலுக்கப் பழக்கினாரே, "இன்னும் கெட்டியா, இன்னும் கெட்டியா" என்று, அதெல்லாம் இந்தக் கம்பெனிக்காரர்களுக்காகத்தான். மூன்று பேர் டீமுக்கு நீ லீடர். சோப்புக்குக் காகிதம் சுற்றும் மெஷினை இன்னும் வேகமாக ஓடவைப்பது உங்கள் வேலை. அதைச் செய்தும் விட்டீர்கள். மேலிடத்து ஆட்களும் உங்கள் பேராசிரியரும் பார்க்க வரும் நாளும் குறித்தாகிவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் நீ மட்டும் கடைசியாக ஒரு தடவை மெஷினைப் பார்க்கப் போயிருக்கிறாய். அதன் கண்ணாடிக் கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டுமாம், அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறதாம். அந்தச் சுவிட்சை டேப் போட்டு அழுத்தி ஒட்டி வைத்திருந்தார்கள், கதவைத் திறந்தாலும் ஓடட்டும், வந்தவர்கள் முன்னால் நின்று நின்று ஓடினால் அசிங்கம் என்று. நீ சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "நாளைக்கு ஒரு நாள்தானேம்மா, கண்டுக்காத" என்றாராம், பிறகு அவரே இதை உன் டீமிடம் சொல்லியிருக்கிறார். நீ ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்து யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் எல்லோரும் வட்டமாக நிற்க மெஷின் பறந்திருக்கிறது. கைதட்டல் வேறு. அப்போது காகிதம் எங்கோ சிக்கிக்கொள்ள, மெஷினை ஓட்டும் அக்கா பழக்க தோஷத்தில் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டிருக்கிறாள். மெஷின் நிற்கவில்லை. நீ இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாய். கை பிழைத்தது. உள்ளே இருந்த சோப்பெல்லாம் நசுங்கி, வரிசையே கெட்டு, வந்தவர்கள் முகம் சுளித்து, மேனேஜர் எல்லோர் முன்னாலும், "என் லைனை நிறுத்த நீ யாரு? உனக்கு யாரு அந்த அதிகாரத்தைக் குடுத்தா?" என்று கத்தியிருக்கிறார். இந்த இடத்தில் போனில் அந்தப் பெண் அழுதுவிட்டாள். நானும் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் உனக்கு நிஜமான அடி விழுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த டீமிலிருந்து யாரையும் எடுப்பதாக இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. நீ 'நெட்டை' என்று சொல்லும் பையனுக்கு அங்கே வேலை கிட்டத்தட்ட உறுதியாகி இருந்ததாம். அவன் பஸ்ஸிலேயே, "நீ தியாகி ஆகறதுக்கு நாங்க பலியாடா?" என்று கேட்டானாம். நீ இறங்கி, அன்றைக்கே பேராசிரியருக்கு லீடர் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். எங்களிடம் சூப்பர் என்றாய்.

போனை வைத்ததும் எனக்கு வந்த கோபத்தில் உன் அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன், பெற்றவர்களிடம் இப்படி மறைப்பாளா, நாம் என்ன அந்நியமா என்று. அவர் கட்டிலில் படுத்தபடியே, "நாம மட்டும் என்ன யோக்கியமாம்?" என்றார். ஆகவே இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பதறாதே. அப்பாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரில் பொடி எழுத்தெல்லாம் படித்து என் உயிரை வாங்குகிறார். உனக்குப் பரீட்சை நேரம், எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டோம். நீ எங்களைக் காப்பாற்ற, நாங்கள் உன்னைக் காப்பாற்ற, கடைசியில் ஒருவர் விஷயமும் ஒருவருக்குத் தெரியாமல் மூன்று பேரும் சௌக்கியம் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இப்போது நான் எழுத வந்ததே இதற்குத்தான், கவனமாகப் படி. அந்தப் பெண்ணிடம் நான், நீங்கள் எல்லாரும் அவள் மேல் கோபமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். "மெஷினை நிறுத்தினதுக்கு எனக்குக் கோபமே இல்ல ஆன்ட்டி, நானா இருந்தா பயத்துல நின்னுட்டே இருந்திருப்பேன். ஆனா முந்தின நாளே அந்த டேப்பைப் பார்த்திருக்கா. எங்ககிட்ட சொல்லல. நாங்க கூட நிக்க மாட்டோம்னு அவளாவே முடிவு பண்ணிட்டா, அதுதான் வலிக்குது." குட்டி, எனக்கு உன்னைத் தெரியும். பிரச்சினை என்று வந்தால் உன் தலையோடு போகட்டும், மற்றவர்கள் வேலை கெட வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பாய். ஒருவேளை காலையில் டேப்பை எடுத்துவிடுவார்கள் என்று நம்பியும் இருப்பாய். அந்த ராத்திரி நீ எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தாயோ, நினைத்தால் எனக்கு மனசு என்னமோ செய்கிறது. ஆனால் அந்தப் பெண் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்று பேரும் சேர்ந்து போய் மேனேஜரிடம் கேட்டிருந்தால் அவர் கேட்டிருப்பாரா என்று தெரியாது, கேட்காமலும் போயிருப்பார். ஆனால் பஸ்ஸில் நீ தனியாக உட்கார்ந்து வந்திருக்க மாட்டாய்.

நெட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதுவும் அந்தப் பெண் சொன்னதுதான். அவன் யாரிடமும் சொல்லாமல் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறான், எப்படியாவது தனக்கு மட்டுமாவது வேலையைக் கேட்டு வாங்கலாம் என்று. அவனைக் குறை சொல்லாதே, அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், பையனுக்கு வேலை ஆகிவிட்டது என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருப்பாள். மேனேஜர் பார்க்கவே இல்லை, காவலாளியிடமே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். அவன் கேட்டில் நின்றுகொண்டிருந்தபோது ஷிஃப்ட் முடிந்து அந்த அக்கா வெளியே வந்திருக்கிறாள். இவனை அடையாளம் கண்டு, "அந்தப் பொண்ணு வரலையா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த டேப்பையெல்லாம் கிழித்துவிட்டு, டேப் ஒட்டவே முடியாத புது சுவிட்ச் போட்டிருக்கிறார்களாம், போடும்போது மேனேஜரே பக்கத்தில் நின்று பார்த்தாராம், ஆனால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பிறகு அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டி விரித்துக் காட்டி, "அவகிட்ட சொல்லு, ரெண்டும் இருக்குன்னு" என்றாளாம்.

அவன் திரும்பி வந்து லேபில் உட்கார்ந்து ப்ராஜெக்ட் வேலையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறான். கல்லூரியில் நடக்கும் கடைசி மதிப்பீட்டில் நீ இல்லாமல் பேச மாட்டேன் என்கிறானாம். உன்னை வந்து பார்க்க மட்டும் தைரியம் இல்லை, பேசின பேச்சு அப்படி. பேராசிரியரும் உன் விலகலை இன்னும் ஏற்கவில்லை, டீம் என்ன சொல்கிறதோ அதைக் கேட்டுச் செய்கிறேன் என்றாராம். இதெல்லாம் உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ அவர்கள் போனை எடுப்பதே இல்லை.

குட்டி, போன வேலை போனதுதான், அதை இனிப்புத் தடவிச் சொல்ல எனக்கு வராது. அந்தக் கம்பெனி உங்களைக் கூப்பிடப்போவதில்லை. அந்தப் பையன் வேறு இடம் தேட வேண்டும், நீயும்தான். அவனுக்கு நீ தெரிந்தவர்களிடம் சொல்லிப் பார், அவன் உனக்குச் சொல்லட்டும், தொடர்பு தொடர்பு என்று உங்கள் வகுப்பில் சொல்வது கோட்டு போட்டவர்களோடு மட்டும் இருக்க வேண்டியதில்லை. மதிப்பீட்டுக்குப் போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன், நீ வளர்ந்தவள். அப்பா மட்டும், தான் சொன்னதாக ஒரு வரி எழுதச் சொன்னார். அந்த மேனேஜர் "நீ யாரு" என்று கேட்டாரே, அதற்கு நீ பதில் சொல்லாமல் வந்தது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க பொண்ணுன்னு சொல்லியிருக்கலாம்ல" என்கிறார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இவ்வளவும் எழுதி மடித்து வைத்த பிறகு, சற்று முன் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். நெட்டை இன்று சாயங்காலம் உங்கள் ஹாஸ்டல் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்திருக்கிறானாம். வார்டன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு உன் பெயரைச் சொல்லாமல், "எங்க டீம் லீடரை" என்றானாம். நீ இறங்கி வரவில்லை, அவன் போய்விட்டான், நாளைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனானாம். உனக்கு உடனே போன் செய்தேன், எடுக்கவில்லை. இந்தக் கடிதம் வருவதற்குள் நீயாகவே கீழே இறங்கிப் போயிருந்தால் நான் எழுதியதெல்லாம் வீண், அப்படி வீணாகப் போனால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

வேளைக்குச் சூடாகச் சாப்பிடு. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே. எந்தக் குறையும் அண்டாமல், நினைத்தது கைகூடி, நாலு பேர் நடுவில் நிமிர்ந்து நிற்க நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். மறக்காமல் ஒன்று, மதிப்பீட்டுக்குப் போவது என்று முடிவு செய்தால் நீ முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளாதே, வாசலிலேயே நின்று மற்ற இரண்டு பேரும் வரும்வரை காத்திருந்து, மூன்று பேரும் சேர்ந்து உள்ளே போங்கள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா