அம்மா சேலை நீலம்

அருள்புரம்
12.8.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் ரூபி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் பனியன் கம்பெனிச் சரக்கு விவரம் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில், டேட்டாபேஸில்! நான் ஏற்றுவதை வெப்சைட் அப்படியே எடுத்துக் காட்டும். சோதனைக்காக, எங்களிடம் இல்லாத நிறம் ஒன்றை ‘அம்மா சேலை நீலம்’ என்று ஏற்றினேன், அழிக்க மறந்துவிட்டேன். மதுரை வியாபாரி ஒருவர் அதில் ஐந்நூறு பனியன் கேட்டுவிட்டார்!

திட்டு விழும் என்று நடுங்கினேன். முதலாளி சாமியப்பன் சிரித்துவிட்டார். “சாயம் போட்டுக் குடுத்தரலாம் கண்ணு. மாதிரிக்குத் துணி வேணுமே?”

ஆகவே உங்கள் நீலச் சேலையில், இடுப்பில் செருகும் ஓரத்தில் ஒரு சாண் வெட்டி உடனே கூரியரில் அனுப்புங்கள். சாயப்பட்டறைக்கு அரைச் சாண் போதும். மீதி என்னிடம் இருக்கட்டும்.

கம்பெனி வேன் வந்துவிட்டது. துணியைத் துவைக்காமல் அனுப்புங்கள், அம்மா.

ரூபி