அப்பாவின் இடது பக்கம்

கீரனூர்

என் செல்ல மகள் பிளெஸ்ஸிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் மாதா துணையால் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதிவிட்டு மேலே போகத்தான் நினைத்தேன், கை வரவில்லை. சாப்பாடு தூக்கத்துக்குக் குறைவில்லை, மற்றதைக் கீழே எழுதுகிறேன். நேற்றுதானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் காகிதம் என்று கேட்பாய். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டியதை அவர் காதுபட என்னால் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் என்னுடைய போனை முதலில் எடுத்துப் பார்க்கிறவர் அவர்தான். அயர்லாந்துக்குத் தபால் போய்ச் சேர எத்தனை நாள் ஆகுமோ, எப்போது கிடைக்கிறதோ அப்போது முழுசாகப் படி. டூட்டிக்குக் கிளம்புகிற நேரத்தில் பிரிக்காதே.

மே மாதம் நாங்கள் இரண்டு பேரும் காரில் ஊர் சுற்றி வந்தோம் இல்லையா, நீ கூட போட்டோக்களைப் பார்த்துவிட்டு, என்னம்மா புதுப் பொண்ணு மாப்பிள்ளை மாதிரி கிளம்பிட்டீங்க என்று சிரித்தாயே, அந்தப் பயணத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அப்பா வாழ்நாள் முழுக்க டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். ஆனால் எந்த ஊரிலும் வண்டி நிறுத்துகிற இடமும் டீக்கடையும்தான் அவருக்குத் தெரியும். ஆட்களை இறக்கிவிட்டுவிட்டு அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் வேனுக்குள்ளேயே படுத்துத் தூங்கிவிடுவார், ராத்திரி ஓட்ட வேண்டுமே. கன்னியாகுமரிக்கு எத்தனை தடவை போயிருப்பார் என்று கணக்கே இல்லை, அங்கே சூரியன் உதிக்கிறதை அவர் பார்த்ததில்லை. என்னையும் வேளாங்கண்ணிக்குத் தவிர வேறெங்கும் கூட்டிப் போனதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் திடீரென்று, மேரி, இந்த லீவுல எல்லாத்தையும் பாத்துட்டு வந்துருவோம் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெயிலில் எதற்கு, ஆடியில் போனால் குற்றாலத்திலாவது தண்ணீர் இருக்குமே என்றேன். அதற்குள்ளே போயாக வேண்டும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

திருமயம், காரைக்குடி வழியாக ராமேஸ்வரம் போனோம். அரிச்சல்முனையில் ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி அசையாமல் கிடக்கிறது, இன்னொரு பக்கம் அலை அடித்து நுரைக்கிறது, நடுவில் ரோடு. இங்கிட்டுப் பாருங்க என்று நான் காட்டியபோது அப்பா கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்போடு திரும்பி நின்று பார்த்தார். கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து அன்றைக்குச் சாயங்காலம் ரூமில் தைலம் தேய்த்துவிட்டேன், அவரும் கழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்து மணப்பாடு போனோம். கடலை ஒட்டின மணல்மேட்டில் சிலுவைக் கோயில், மூன்று பக்கமும் தண்ணீர், நான் உனக்காகவும் பாப்பாவுக்காகவும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். படி இறங்கும்போது அப்பா ஒரு அம்மா மேல் நன்றாக இடித்துவிட்டார். அந்தப் பக்கத்துத் தேரிக்காட்டில் மண் எல்லாம் செங்கல் பொடி மாதிரி சிவப்பு, கண்ணுக்கு எட்டின தூரம் அலை அலையாகக் கிடக்கிறது, நம் மாவட்டத்துச் செம்மண் எல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. அங்கே டீக்கடையில் இடது கைப் பக்கம் வைத்த கிளாஸை அப்பா தட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து வைத்த இரண்டாவது கிளாஸும் போயிற்று. வெயில் தலைக்கேறிவிட்டது என்று நான் கேலி பேசினேன்.

கன்னியாகுமரியில் விடியுமுன்னே எழுந்து போய் நின்றோம். ஜனங்கள் எல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அப்பா போனைப் பைக்குள் வைத்துவிட்டு, சூரியன் கடலிலிருந்து முழுசாக மேலே வருகிற வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்தார். கூட்டம் கலைந்த பிறகும் அவர் நகரவில்லை. "இத்தன வருசமா இங்க வந்து தூங்கியிருக்கேன் மேரி" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. காற்றுக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம், குற்றாலம் எல்லாம் பார்த்தோம். குற்றாலத்தில் பாறைதான் இருந்தது, பைப்பில் விழுகிற அளவுகூடத் தண்ணீர் இல்லை. அப்படியும் அப்பா பாறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அங்கிருந்து ராஜபாளையம், தேனி தாண்டி போடிக்கு வந்தோம். கடைசியாக மூணாறு, அதோடு வீட்டுக்கு என்று ஏற்பாடு.

போடிமெட்டு மலைப்பாதை உனக்குத் தெரியாது. ஊசி வளைவு ஒன்று முடிவதற்குள் அடுத்தது வரும். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வரிசையாக ஜீப்புகள் இறங்கும். நாங்கள் அந்த நேரம் பார்த்து ஏறிக்கொண்டிருந்தோம். இடது பக்கம் திரும்புகிற ஒரு வளைவில் மேலேயிருந்து ஒரு ஜீப் வருவது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது, ஹார்னும் அடிக்கிறான். அப்பா ஒதுங்குவார் ஒதுங்குவார் என்று பார்க்கிறேன், அவர் பாட்டுக்கு நடு ரோட்டை வளைத்துக்கொண்டு அதற்கு நேரே போகிறார். ஏங்க என்று கத்திக்கொண்டு நான் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டேன். ஜீப்காரர் ஒடித்து, பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவரில் உரசி நிறுத்தினார். பிள்ளை, அந்தச் சுவர் இடுப்பளவுகூட இல்லை. அதற்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது. ஜீப்புக்குள்ளே பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கூச்சல் போட்டார்கள். கையில் தூக்குச்சட்டியோடு ஒரு அம்மா இறங்கி வந்தது, என்னை விடக் கொஞ்சம் வயது குறைவாக இருக்கும். நெற்றியில் கம்பி இடித்து வீங்கியிருந்தது. நேரே அப்பா பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டி, "கண்ணு தெரியலையாய்யா ஒனக்கு?" என்றது. ரோட்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிறதுதானே இது. அப்பா இத்தனை வருஷத்தில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார், எத்தனை பேர் அவரிடம் கேட்டிருப்பார்கள். அன்றைக்கு அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல், அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "தெரியலம்மா. எடது பக்கம் தெரியல" என்றார்.

எனக்கு அது இப்படித்தான் தெரிய வந்தது பிளெஸ்ஸி. அந்த அம்மா திட்ட வந்தது திட்டாமல் என்னைப் பார்த்து, "ஏம்மா, தெரிஞ்சேவா கூட வந்த?" என்று கேட்டது. எனக்கும் இப்போதுதான் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை, சும்மா தலையை ஆட்டினேன். அது என்ன நினைத்ததோ. போகும்போது தன்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டுப் போனது. ஜீப் ஓட்டியவர் பெயர் குணசேகரன், தங்கமான பிள்ளை. எங்கள் காரை ஓரங்கட்டி நிறுத்தி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இவங்கள எறக்கிட்டு வாரேன், அதுவரைக்கும் அசையாதீங்கய்யா என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். நாங்கள் அந்தச் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தோம். கீழே போடி ஊரும் தோட்டங்களும் கண்மாய்களும் படம் வரைந்த மாதிரி தெரிந்தன. அப்பா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் சொன்னார். போன கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே திருச்சியில் கண் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு போய்விட்டது, வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். "சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட. வேற ஆளு ஓட்ட, நான் பொட்டலம் மாதிரி பின்னாடி ஒக்காந்து வர எனக்கு மனசில்ல. மொத்தமா இருட்டுறதுக்குள்ள, என் கையால ஒன்னயக் கூட்டிப் போயி எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துரணும்னு நெனச்சேன்." நான் கோபப்படுவதா அழுவதா? அந்த ஜீப் உருண்டிருந்தால் அத்தனை வீட்டுக்கும் நாம் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று மட்டும் கேட்டேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

இருட்டுவதற்குள் குணசேகரன் வேறொரு ஜீப்பில் வந்து இறங்கி, எங்கள் காரிலேயே எங்களை மேலே கொண்டுபோய் ரூமில் விட்டார், மறுநாள் மூணாறுக்கும் அவரே ஓட்டினார். தேயிலை மலை அப்படியொரு பச்சை, மேகம் ரோட்டின் குறுக்கே நடந்து போகிறது. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அப்பா அதில் ஒன்றையும் பார்க்கவில்லை. குணசேகரன் கையையும் காலையும்தான் பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் தன் வலது காலைத் தரையில் அழுத்தி அழுத்தி பிரேக் பிடித்துக்கொண்டே வந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. திரும்பிப் போடிக்கு வந்ததும் குணசேகரனுக்கு வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம். ஊர் வரைக்கும் ஓட்ட வேறு ஆள் பார்த்துத் தருகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா சாவியை வாங்கி வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். நான் ஏறாவிட்டால் தனியாகப் போய்விடுவார். ஏறினால் எதிரே வருகிறவர்களுக்கு நானும் உடந்தை. ஏறினேன். இடது பக்கம் உட்கார்ந்து வீடு வந்து சேருகிற வரைக்கும், பைக் வருது, ஆடு நிக்குது, சைக்கிள்காரர் போறாரு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மேலூர் பக்கம் ஒருதரம் சொல்லத் தாமதித்துவிட்டேன், டி.வி.எஸ். வண்டியில் போன ஒரு பெரியவர் மண்ணில் இறக்கித் தப்பித்தார். அவர் விழவில்லை. ஆனால் அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னமும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

போன வாரம் நான் பிடிவாதமாக பஸ்ஸில் திருச்சிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் கம்ப்யூட்டரில் எடுத்த படத்தைக் காட்டினார், இடது கண்ணில் பாதிக்கு மேல் கறுப்பு, வலது கண்ணிலும் ஓரம் ஆரம்பித்திருக்கிறது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார். நீ நர்ஸ், உனக்கு என்னை விடத் தெரியும், அதனால்தான் உன்னிடம் சொல்லவே கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். மருந்து மட்டும் தவறாமல் விடுகிறார். கார் விஷயத்தில்தான் என் பேச்சு எடுபடவில்லை. சாவியை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தேன். அவர் சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் தேடக்கூட இல்லை. வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து துடைத்துக்கொண்டே இருந்தார், சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்றார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். பங்குச் சாமியாரிடம் சொன்னேன், அவரும் கூப்பிட்டுப் பேசினார். சரிங்க சாமி, சரிங்க சாமி என்று கேட்டுவிட்டு அப்பா வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். இப்போது அவர் எங்கே கிளம்பினாலும் அடுப்பை அணைத்துவிட்டு நானும் ஏறிக்கொள்கிறேன். ஏதாவது நடந்தால் என் கண் முன்னால் நடக்கட்டும் என்றா, நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றா, எனக்கே தெரியவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் டிசம்பர். நீங்கள் வருகிற அன்றைக்குத் திருச்சி ஏர்போர்ட்டுக்குத் தானே கார் கொண்டு வருவேன் என்கிறார். நீ அனுப்பிய வீடியோவில் பாப்பாவைக் கார் சீட்டில் வைத்துக் கட்டியிருந்தாயே, அது மாதிரி ஒன்றுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறார், பின்னால் எந்தப் பக்கம் மாட்டினால் பாப்பாவுக்கு வெயில் படாது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்யட்டும் சொல். அந்தக் காரில் பாப்பாவை ஏற்ற மாட்டேன் என்று நீ சொன்னால் ஒருவேளை அன்றோடு சாவியைக் கீழே வைத்துவிடுவார். அதைச் சொன்ன பிறகு அவர் முகத்தை நான்தான் இங்கே தினமும் பார்க்க வேண்டும். சொல்லாமலும் விட முடியாது. உன் வாயால் வர வேண்டுமா, என் வாயால் வர வேண்டுமா என்று ஜெபமாலை சொல்லும்போதுகூட அதுதான் ஓடுகிறது. இந்த ஒன்றில் மட்டும் நீ மூத்தவளாக இருந்து முடிவு செய், அம்மா அதன்படி நடக்கிறேன்.

உனக்கும் நாற்பது ஆகப்போகிறது, அப்பாவழியில் வரும் என்று டாக்டர் சொன்னார், கண் பிரஷரை நீ உடனே பரிசோதித்துக்கொள். பாப்பாவுக்குக் குளிர் காலத்தில் மூக்கடைத்தால் ஆவி பிடிக்க வைக்காதே, அதற்குத் தாங்காது. மாப்பிள்ளையிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். பதில் எழுத வேண்டாம், தபால்காரர் அப்பா கையில்தான் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் ஆபீஸ் போனுக்குக் கூப்பிடு, நான் அங்கே இருப்பேன். இயேசுவின் இரக்கமும் மாதாவின் பாதுகாப்பும் உங்கள் மூன்று பேர் மேலும் எந்நேரமும் இருக்கட்டும். நான் மாதா சபைக் கூட்டம் என்று சொல்லித்தான் இங்கே கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கிறார், பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கிவிட்டது. பிள்ளைகள் ரோட்டுக்கு வருவதற்குள் நான் போய் அவருக்கு இடது பக்கம் ஏறி உட்கார வேண்டும்.

உன் பிரியமுள்ள அம்மா,
ஆ. சகாயமேரி