உன் அம்மாவிடம் இதைக் காட்டு

அருணா,

விடியும்வரை சட்டப் புத்தகம் படித்தாய், எழுப்பவில்லை. இட்லி ஹாட்பாக்ஸில். யாழினியை நானே பள்ளியில் விட்டுவிடுகிறேன். இன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் சேருவதற்குள் உன் அம்மா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்துவிடுவார்கள்.

எதற்கு என்று தெரியும். அக்கா இல்லாத வீட்டில் தங்கையை எனக்குக் கட்டிவைத்தால் குழந்தைக்கு நல்லதாம்.

நேற்று கேட்டாய்: "மாமா, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. லா காலேஜுக்கு உடனே அப்ளை பண்ணிடுறேன்." நான் எழுந்துபோனேன். "வாயில வரலன்னா எழுதியாவது குடுங்க, அதான் சாட்சி!" என்று கத்தினாய். உன்மேல் கோபமில்லை. உன் அக்கா வனிதா போனதிலிருந்து எனக்கு எதற்கும் வாய் வருவதில்லை, அவ்வளவுதான்.

இதோ எழுத்தில்: இந்தக் கல்யாணத்தில் எனக்குச் சம்மதமில்லை. பி.ஏ. முடித்துவிட்ட அருணா இனி சட்டம் படிக்க வேண்டும். என் மகளை நான் வளர்ப்பேன்.
குமரேசன்

பால்காரரையே குறுக்கு விசாரணை செய்து, தண்ணீர் கலந்ததை ஒப்புக்கொள்ள வைத்தவள் நீ. அம்மாவையும் சமாளிப்பாய். விண்ணப்பத்துக்கு மாலை ஐந்து மணிதான் கடைசி. டிகிரி மார்க் ஷீட்டெல்லாம் பீரோவில், மேல் தட்டில்.

பி.கு: கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வை.

இன்னொன்று. செருப்பு மாட்டும்போது தோன்றியது. என் சீட்டை நீட்டிக்கொண்டு நீ தனியாக நிற்பது சரியில்லை. பன்னிரண்டு மணிக்கு லீவு சொல்லிவிட்டு வருகிறேன். அத்தை முன்னால் நானே வாயைத் திறந்து சொல்கிறேன். அதுவரை அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே இரு.